நோயாளிக்கு ஒரு விடை, ஊருக்கு ஒரு விடை: தொற்றுநோய்ப் பரிசோதனை எப்படித் தொடங்கியது

தொற்றுநோய் பரவும் காலத்தில் செய்திகளில் பல எண்கள் வரும். சந்தேகத்துக்குரியவர்கள் இத்தனை பேர், பரிசோதனையில் உறுதியானவர்கள் இத்தனை பேர், கண்காணிப்பில் இத்தனை பேர். கூடவே குழப்பமும் வரும். காய்ச்சலே இல்லாத ஒருவருக்கு ‘பாசிட்டிவ்’ என்று சொல்லித் தனியாக வைக்கிறார்கள். உடம்பு அனலாய்க் கொதிக்கும் இன்னொருவருக்கு ‘நெகட்டிவ்’ என்று வந்த பிறகும் அதே நோய்க்கான மருந்தைத் தொடர்கிறார்கள். ஆய்வகத்தின் தவறா, மருத்துவரின் தவறா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. மருத்துவர் ஆய்வகத்திடம் கேட்பது ஒரு கேள்வி: என் முன்னால் படுத்திருப்பவருக்கு என்ன நோய், எந்த மருந்து கொடுக்கட்டும்? சுகாதார அதிகாரி கேட்பது வேறு கேள்வி: இந்தக் கிருமி ஊரில் எங்கே இருக்கிறது, இவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகுமா? ஒரே குழாய், ஒரே மாதிரி, ஒரே முடிவுத்தாள். ஆனால் அதை இரண்டு பேரும் ஒரே மாதிரி படிக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் நகராட்சிகள் ஆய்வகம் வைக்கத் தொடங்கியபோதே இந்தச் சிக்கல் தலைதூக்கிவிட்டது. அந்தக் காலத்தைப் பார்த்தால் இன்றைய குழப்பத்தின் முடிச்சு எங்கே என்று தெரியும்.

முதலில் அடிப்படை: ஆய்வகம் எதைத் தேடுகிறது?

தொற்றுநோய்ப் பரிசோதனைகள் எத்தனை பெயரில் வந்தாலும் அவை செய்யும் வேலை மூன்றே வகைதான்.

1. கிருமியை நேரடியாகக் காண்பது. சளியையோ இரத்தத்தையோ கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கிருமி நிறைய இருந்தால்தான் கண்ணில் படும். காசநோய்க்கான சளிப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தகடு ‘நெகட்டிவ்’ என்றே சொல்லும்.

2. கிருமியை வளர்ப்பது. இதைத்தான் கல்ச்சர் என்கிறோம். மாதிரியில் பத்துக் கிருமிதான் இருந்தது என்றாலும், தகுந்த உணவும் சூடும் கொடுத்தால் அது கோடிக்கணக்காகப் பெருகித் திட்டாகத் தெரியும். நேரம்தான் இதன் விலை. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமிக்கு ஓர் இரவு போதும், காசநோய்க் கிருமிக்கு வாரக்கணக்கில் ஆகும். இன்றைய பிசிஆர் பரிசோதனையும் உறவில் இந்த வகையைத்தான் சேரும். அது கிருமிக்குப் பதிலாகக் கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்குகிறது. அதனால்தான் செத்துப்போன கிருமிக்கும் அதில் பாசிட்டிவ் வரலாம்.

3. கிருமி விட்டுச் சென்ற தடத்தைப் பார்ப்பது. கிருமி உள்ளே நுழைந்ததும் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. இரத்தத்தில் அவற்றைத் தேடுவது மூன்றாவது வழி. இங்கே கிருமியை யாரும் பார்ப்பதில்லை, உடலின் நினைவைத்தான் கேட்கிறோம். அந்த நினைவு தாமதமாகத் தொடங்கும், நோய் போன பிறகும் நீடிக்கும், சில வேளைகளில் ஆள் மாறாட்டமும் செய்யும்.

கருவிகள் வந்த வேகம்

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோச் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அதற்கடுத்த சில ஆண்டுகளில் நடந்தவை இன்று நினைத்தாலும் மூச்சுமுட்ட வைக்கும். கோச்சின் குழு 1883இல் எகிப்துக்கும், பிறகு கல்கத்தாவுக்கும் வந்து, 1884இல் காலராக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தது. அதே ஆண்டில் ஃப்ரீட்ரிக் லோஃப்லர் தொண்டை அடைப்பான் கிருமியை வளர்த்துக் காட்டினார். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் தம் பெயரால் இன்றும் வழங்கும் சாயமுறையை வெளியிட்டதும் 1884இல்தான்.

இந்த வேகத்துக்குப் பின்னால் கண்டுபிடிப்பாளர்களின் மேதைமை மட்டுமல்ல, சில சாதாரணப் பொருள்களும் இருந்தன. தொடக்கத்தில் ஜெலட்டின் மேல்தான் கிருமிகளை வளர்த்தார்கள். மனித உடற்சூட்டுக்குக் கொண்டுபோனால் ஜெலட்டின் உருகி ஓடிவிடும், மனித நோய்க் கிருமிகளுக்கோ அந்தச் சூடுதான் வேண்டும். கோச்சின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, சமையலில் பயன்பட்ட கடற்பாசிப் பொருளான அகரைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னார். அது 37 டிகிரியிலும் கட்டியாகவே இருக்கும். 1887இல் ஜூலியஸ் பெட்ரி மூடியுள்ள தட்டையான கண்ணாடித் தட்டை அறிமுகம் செய்தார். அகரும் அந்தத் தட்டும் இல்லையென்றால் ஒரு நாளைக்கு நூறு மாதிரிகளைக் கையாளும் நகராட்சி ஆய்வகம் என்பது கற்பனைதான்.

1892: ஹாம்பர்க் காத்திருந்தது

கருவி இருப்பது ஒன்று, அதை நம்பி ஓர் ஊரை நடத்துவது வேறொன்று. 1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் காலரா பரவியது. அந்த மாத நடுவிலேயே நோயாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கிருமி வளர்ந்து உறுதியாகட்டும் என்று நகர அதிகாரிகள் அறிவிப்பைத் தள்ளிப்போட்டார்கள். வணிக நகரம், ‘காலரா’ என்று வாய்திறந்தால் கப்பல்கள் நின்றுபோகும். காத்திருந்த நாள்களில் வடிகட்டாத எல்ப் நதி நீர் குழாய்வழியே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. முடிவில் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆய்வக உறுதி என்பதற்கு ஒரு கெட்ட பயனும் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்பது அறிவியல் வாக்கியமாகவும் இருக்கலாம், தட்டிக்கழிக்கும் வாக்கியமாகவும் இருக்கலாம். இன்றைய தொற்றுநோய் வரையறைகளில் ‘சந்தேகத்துக்குரியவர்’, ‘சாத்தியமுள்ளவர்’, ‘உறுதியானவர்’ என்று தனித்தனிப் படிகள் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். மருந்து கொடுப்பதற்கும் தண்ணீரை நிறுத்துவதற்கும் முதல் படியே போதும். கடைசிப் படி கணக்கெழுதவும் பிற்பாடு ஆராயவும் உதவும்.

அதே ஆகஸ்ட் கடைசியில் ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பிய கப்பல்கள் காலராவைச் சுமந்துகொண்டு நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தன. ஊரே நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் ஹெர்மன் பிக்ஸ் என்னும் மருத்துவர். செப்டம்பரில் நகர சுகாதாரத் துறைக்குள்ளேயே ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகப் பிரிவு தொடங்கியது. அமெரிக்காவில் இதற்கு முன்பே பிராவிடன்ஸ் போன்ற சில ஊர்களில் ஆய்வகங்கள் இருந்தன. ஆனால் மனிதர்களின் நோயை அன்றாடம் கண்டறிவதையே வேலையாகக் கொண்டு பெரிய அளவில் இயங்கியது நியூயார்க் ஆய்வகம்தான்.

காலரா அந்த ஊரில் பெரிதாகப் பரவவில்லை. ஆய்வகம் மட்டும் நிலைத்துவிட்டது. பயம் போன பிறகு அதை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் பிக்ஸின் அடுத்த கவலை. விடை குழந்தைகளின் தொண்டையில் இருந்தது.

ஒரு பெட்டி, இரண்டு குழாய்கள்

தொண்டை அடைப்பான் அன்று குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைக்கும், கிருமி சுரக்கும் நச்சு இதயத்தைத் தாக்கும். ஆனால் படலம் படர்வதெல்லாம் தொண்டை அடைப்பான் அல்ல. வேறு கிருமிகளாலும் அப்படித் தோன்றும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது தேர்ந்த மருத்துவருக்கும் கடினம். விளைவு கொடுமையானது: சாதாரணத் தொண்டைப் புண்ணோடு வந்த குழந்தையைத் தொற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அது அங்கே போய் உண்மையான தொண்டை அடைப்பானை வாங்கிக்கொள்ளும்.

1893இல் வில்லியம் பார்க் என்னும் மருத்துவர் இந்த வேலைக்கு வந்தார். அவர் ஏற்படுத்திய முறையைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

சிறிய மரப்பெட்டி ஒன்று, அதில் இரண்டு சோதனைக்குழாய்கள். ஒன்றில் நுனியில் பஞ்சு சுற்றிய கம்பி, கிருமி நீக்கி அடைத்தது. மற்றொன்றில் சாய்வாக உறையவைத்த இரத்தச் சீரம். இது லோஃப்லர் கண்டுபிடித்த ஊடகம். இதன் சிறப்பு, தொண்டையில் இருக்கும் மற்றக் கிருமிகள் மெதுவாகக் கிளம்பும்போது தொண்டை அடைப்பான் கிருமி அதில் முந்திக்கொண்டு வளர்வது. நகரெங்கும் குறிப்பிட்ட மருந்துக்கடைகளில் இந்தப் பெட்டிகள் இருக்கும். மருத்துவர் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். குழந்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, படலத்தின் மேல் பஞ்சை உரசி, அதைச் சீரத்தின் மேல் மென்மையாகத் தேய்க்க வேண்டும். கிருமிநாசினியால் வாய் கொப்பளித்த கையோடு மாதிரி எடுக்கக் கூடாது. கூட இருக்கும் படிவத்தில் பெயர், வயது, முகவரி, நோய் தொடங்கி எத்தனை நாள் என்று எழுதி, பெட்டியை மறுபடி அதே கடையில் கொடுத்துவிடலாம்.

மாலையில் சுகாதாரத் துறையின் ஆள் வந்து பெட்டிகளைச் சேகரிப்பார். குழாய்கள் இரவு முழுவதும் உடற்சூட்டுப் பெட்டியில் இருக்கும். காலையில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் துளி எடுத்து, நீலச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். ஒரு முனை பருத்து, சாயத்தைத் திட்டுத்திட்டாக ஏற்று, தாறுமாறாகக் கிடக்கும் கோல்கள் தெரிந்தால் அதுதான். நண்பகலுக்குள் மருத்துவருக்குத் தகவல் போய்விடும். சரியாக எடுக்கப்படாத மாதிரிக்கு ‘மறுபடி எடுத்து அனுப்பவும்’ என்று பதில் வரும்.

இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது கிருமி அல்ல. கிருமியும் சாயமும் சீரமும் ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்தவை. நியூயார்க்கின் கண்டுபிடிப்பு, ஆய்வகத்தை மருந்துக்கடை வரைக்கும் நீட்டியதுதான். பெட்டி, படிவம், மாலையில் வரும் ஆள், மறுநாள் நண்பகல் என்னும் கெடு. பரிசோதனை என்றதும் நாம் இயந்திரத்தை நினைக்கிறோம். மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேராத ஊரில் எந்த இயந்திரத்தாலும் பயனில்லை. விடை பத்து நாள் கழித்து வந்தாலும் அப்படித்தான்.

வில்லியம் பார்க்கும் ஆல்ஃப்ரெட் பீபியும் வெளியிட்ட அறிக்கை 5,611 சந்தேக நோயாளிகளின் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டது. அதிலிருந்து மூன்று விளைவுகள் கிளம்பின.

1. சந்தேகப்பட்டவர்களில் கணிசமானவர்களுக்கு நோயே அது இல்லை. அவர்களை அடைத்துவைக்கத் தேவையில்லை, அவர்களில் இறந்தவர்களும் மிகக் குறைவு.

2. படலம் மறைந்து குழந்தை ஓடியாடத் தொடங்கிய பிறகும் கிருமி தொண்டையிலேயே இருக்கிறது, சிலருக்கு வாரக்கணக்கில். ஆகவே எப்போது வெளியே விடுவது என்பதைத் தீர்மானிப்பது நாள்காட்டி அல்ல, குழாய்.

3. நோயாளியின் வீட்டில் நலமாக இருக்கும் அண்ணன் தம்பிகளின் தொண்டையிலும் கிருமி இருக்கலாம். லோஃப்லரே 1884இல் ஆரோக்கியமான ஒரு குழந்தையிடம் இதைக் கண்டு குழம்பியிருந்தார்.

மூன்றாவது செய்தி வெடிகுண்டு. ‘நோய்’ என்பதும் ‘கிருமி’ என்பதும் ஒன்றல்ல என்று ஆகிவிட்டது.

அதில் இன்னொரு நுணுக்கமும் இருந்தது. தொண்டை அடைப்பான் கிருமிகளிலேயே நச்சுச் சுரப்பவை, சுரக்காதவை என இரண்டு உண்டு. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய கினி பன்றியைத்தான் நாட வேண்டியிருந்தது: ஒன்றுக்கு நச்சு முறிவு மருந்து கொடுத்தும் இன்னொன்றுக்குக் கொடுக்காமலும் கிருமியைச் செலுத்திப் பார்ப்பார்கள். பாதுகாப்பில்லாதது செத்து மற்றது பிழைத்தால் அந்தக் கிருமி ஆபத்தானது. நச்சுக்கான மரபணுவைக் கிருமிக்குள் புகும் ஒரு வைரஸ்தான் கொண்டுவருகிறது என்பதற்கான முதல் சான்று 1951இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை ‘பாசிட்டிவ்’ குழந்தைகள் காரணமில்லாமல் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார்களோ, கணக்கில்லை.

1895 தொடக்கத்தில் அதே ஆய்வகம் குதிரைகளின் உடலில் உண்டாக்கிய நச்சு முறிவு மருந்தையும் தரத் தொடங்கியது. அன்னா வில்லியம்ஸ் 1894இல் பிரித்தெடுத்த கிருமி வகை, அதிக நச்சைத் தருவதாக இருந்ததால் அந்த உற்பத்திக்கு அடித்தளமாயிற்று. பரிசோதனையும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் வந்ததும் மருத்துவர்களின் தயக்கம் பாதி கரைந்தது. கண்டுபிடித்தால் ஏதாவது செய்ய முடியும் என்றால்தானே பரிசோதனைக்கு ஆள் வருவார்கள்.

இலவசம் ஏன்?

காசநோய்க்கு அன்று மருந்தே இல்லை. ஆனாலும் பிக்ஸ் சளிப் பரிசோதனையை இலவசமாக்கினார். மருத்துவருக்கு ஒரு பைசா செலவில்லை, படிவத்தை நிரப்பினால் போதும். அந்தப் படிவத்தில்தான் நோயாளியின் பெயரும் முகவரியும் இருந்தன. சளி வந்த ஒவ்வொரு முறையும் நகரின் காசநோய்ப் பதிவேட்டில் ஒரு வரி கூடியது. 1897இல் தனியார் மருத்துவர்களும் காசநோயாளிகளைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. மருத்துவர் சங்கங்கள் கொதித்தன. நோயாளியின் நம்பிக்கையைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்றன, எங்கள் பிழைப்பில் அரசு கை வைக்கிறது என்றன. இரண்டாவது கோபம் கொஞ்சம் சுயநலம்தான், முதலாவது நியாயமானது. வேலை போய்விடும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம் நோயாளிகளுக்கு உண்மையிலேயே இருந்தது.

இலவசப் பரிசோதனை வெறும் தருமம் அல்ல. பொதுச் சுகாதாரம் தகவலை வாங்குகிறது, அதற்கு விலையாகப் பரிசோதனையைக் கொடுக்கிறது. அந்தத் தகவலை என்ன செய்வார்கள் என்பதற்கு விதி இருக்கிறதா என்று கேட்பது அன்றும் சரியான கேள்விதான், இன்றும் சரியான கேள்விதான்.

நோயில்லாத நோயாளி

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக வந்து நின்ற இடம் மேரி மாலன் என்னும் சமையற்காரியின் வாழ்க்கை. 1906 கோடையில் நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பேயில் ஒரு வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு வந்தது. காரணம் தேடிய சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பர் தண்ணீர், பால் என்று ஆராய்ந்து ஒன்றும் கிடைக்காமல், அந்த வீட்டில் வேலைசெய்து போன சமையற்காரியின் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக விசாரித்தார். பெரும்பாலானவற்றில் டைஃபாய்டு வந்திருந்தது. கவனிக்க வேண்டியது, இதுவரை ஆய்வகம் உள்ளே வரவில்லை. வீடு வீடாகப் போய் விசாரித்துத்தான் சந்தேகமே பிறந்தது.

1907இல் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் மலத்தைச் சோதித்தபோது டைஃபாய்டு கிருமி நிறைய இருந்தது. அவரோ தமக்கு நோயே வந்ததில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பித்தப்பையில் கிருமி குடியேறி, உடம்பைத் தொந்தரவு செய்யாமல் அவ்வப்போது வெளியேறும் நிலை அது. ஆரோக்கியமான ஒருவர் கிருமியைச் சுமந்து பரப்ப முடியும் என்பதை கோச் 1902 வாக்கில் டைஃபாய்டு விஷயத்தில் எடுத்துச் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் அதற்கு முகம் கிடைத்தது மாலனால்தான்.

அடுத்த இரண்டு ஆண்டுக்கு மேல் அடிக்கடி மாதிரி எடுத்தார்கள். 163 மாதிரிகளில் 120இல் கிருமி இருந்தது, 43இல் இல்லை. இந்த 43ஐ என்ன சொல்வது? அவர் வெளியே ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளெல்லாம் நெகட்டிவ் என்று வந்தன. 1909இல் விடுதலை கேட்டு நீதிமன்றம் போனபோது அவற்றைத்தான் காட்டினார். கிருமி விட்டுவிட்டு வெளியேறும் நிலையில், ஒரு நெகட்டிவ் முடிவுக்குப் பொருள் ‘இந்த மாதிரியில் இல்லை’ என்பது மட்டுமே. ‘இவரிடம் இல்லை’ என்று அது சொல்வதில்லை. பல தொற்றுகளுக்கு இன்றும் அடுத்தடுத்து இரண்டு மூன்று நெகட்டிவ் வந்தால்தான் விடுவிக்கிறார்கள்.

நீதிமன்றம் மறுத்தது. 1910இல் இனிச் சமைக்க மாட்டேன் என்ற வாக்குறுதியின் பேரில் விட்டார்கள். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு வந்தபோது, வேறு பெயரில் அங்கே சமைத்துக்கொண்டிருந்தது அவர்தான். பிறகு 1938இல் இறக்கும்வரை நியூயார்க்கின் நார்த் பிரதர் தீவிலேயே தனிமைப்படுத்தி வைத்தார்கள். அதே காலத்தில் நகரம் கண்டுபிடித்து வைத்திருந்த மற்றக் கிருமி சுமப்பவர்கள் நூற்றுக்கணக்கில் வீட்டிலேயே வாழ்ந்தார்கள். ஆய்வக முடிவு எல்லோருக்கும் ஒன்றுதான். என்ன செய்வது என்ற முடிவு ஏழை, அயல்நாட்டிலிருந்து வந்த, தனியாக வாழ்ந்த, அடங்கிப்போகாத ஒரு பெண்ணுக்கு வேறாக இருந்தது. அதை எந்தக் குழாயும் சொல்லவில்லை, அதிகாரிகள்தான் சொன்னார்கள்.

தடத்தைத் தேடிய பரிசோதனைகள்

1896இல் ஃபெர்னான் விடால், டைஃபாய்டு நோயாளியின் சீரத்தைக் கிருமிகளோடு கலந்தால் நீந்திக்கொண்டிருக்கும் கிருமிகள் ஒட்டிக் கட்டியாகின்றன என்று காட்டினார். அதே ஆண்டில் மான்ட்ரியாலின் வையட் ஜான்ஸ்டன், காகிதத்தில் காய்ந்த இரத்தத் துளியே போதும் என்று காட்டியதும் தபாலில் மாதிரி அனுப்ப வழி பிறந்தது. வசதி பெரிது, குறையும் பெரிது. நோயின் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு இருக்காது. முன்பு நோய் வந்து போனவருக்கும் தடுப்பூசி போட்டவருக்கும் பரிசோதனை பாசிட்டிவ் ஆகலாம். ஒரே ஒரு விடால் முடிவை வைத்து டைஃபாய்டு என்று முடிவுகட்டுவது அன்றே சரியில்லை. இன்றும் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது என்பது வேறு கதை.

மேகநோய்க்கான (சிஃபிலிஸ்) வாசர்மன் பரிசோதனை (1906) இதைவிட விசித்திரமானது. மேகநோயால் இறந்த சிசுவின் கல்லீரலில் கிருமி நிறைய இருக்கும், அதன் சாறோடு நோயாளியின் சீரம் வினைபுரிந்தால் நோய் உறுதி என்பது கருதுகோள். பரிசோதனை நன்றாகவே வேலை செய்தது. சிறிது காலத்தில் நோயற்ற மாட்டின் இதயச் சாற்றிலும் அதே வினை நடக்கிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் பரிசோதனை கிருமிக்கான எதிர்ப்பொருளைப் பார்க்கவே இல்லை. உயிரணுக்களில் இயல்பாக உள்ள ஒரு கொழுப்புப் பொருளுக்கு எதிராக எழும் எதிர்ப்பொருளைத்தான் பார்த்தது. கார்டியோலிப்பின் என்ற அந்தப் பொருளை மேரி பேங்போர்ன் 1941இல்தான் தனியே பிரித்தார். மலேரியா, தொழுநோய் போன்றவற்றிலும் இது பாசிட்டிவ் காட்டியதன் காரணம் அப்போது விளங்கியது. ஒழுக்கக்கேடு என்ற முத்திரையோடு வந்த நோய் அது. தவறான பாசிட்டிவ் ஒன்று ஒரு குடும்பத்தையே உடைத்துவிடக்கூடியது.

ஒரே சீரத்துக்கு ஓர் ஆய்வகம் ஆம் என்றும் இன்னொன்று இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்ததால், 1920களில் உலக நாடுகள் சங்கம் கோபன்ஹேகனில் ஆய்வகர்களைக் கூட்டி, ஒரே சீரங்களை அவரவர் முறையில் சோதிக்கவைத்து ஒப்பிட்டது. ஆய்வகத்தையே பரிசோதிக்கும் பழக்கம் இங்கிருந்து வேரூன்றியது.

ஒரு சிறு கணக்கு

இப்போது இரண்டு சொற்கள். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பரிசோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது உணர்திறன். நோயில்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விலக்குகிறது என்பது தனித்தன்மை. உணர்திறன் 90 சதவீதம், தனித்தன்மை 95 சதவீதம் உள்ள ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். நல்ல பரிசோதனைதான்.

1. தொண்டையில் படலத்தோடு வந்த 1,000 பேரைச் சோதிக்கிறோம், அவர்களில் 400 பேருக்கு நோய் உண்டு. சரியான பாசிட்டிவ் 360. நோயில்லாத 600 பேரில் தவறான பாசிட்டிவ் 30. மொத்தம் 390 பாசிட்டிவ்களில் 360 உண்மை, அதாவது நூற்றுக்கு 92.

2. அதே பரிசோதனையை நலமாக நடமாடும் 10,000 பேரிடம் செய்கிறோம், அவர்களில் 100 பேருக்குத் தொற்று உண்டு. சரியான பாசிட்டிவ் 90. மீதி 9,900 பேரில் தவறான பாசிட்டிவ் 495. மொத்தம் 585இல் 90தான் உண்மை, நூற்றுக்கு 15.

பரிசோதனை மாறவில்லை, செய்தவரின் கைத்திறனும் மாறவில்லை. யாரிடம் செய்தோம் என்பது மட்டுமே மாறியது. நோயாளிகளிடம் தேறிய ஒரு பரிசோதனையை ஊர் முழுக்க நீட்டும்போது, திருமணத்துக்கு முன் மேகநோய்க்கான கட்டாய இரத்தப் பரிசோதனை என்று சட்டம் போட்ட அமெரிக்க மாநிலங்களில் நடந்ததுபோல, தவறான பாசிட்டிவ்கள் உண்மையானவற்றை மூழ்கடித்துவிடும். இரண்டாவது, வேறு முறையில் அமைந்த பரிசோதனை கொண்டு உறுதிசெய்வது இதனால்தான். செய்தியில் ‘முதற்கட்டப் பரிசோதனையில் பாசிட்டிவ், மாதிரி மேல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று வருவதன் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குத்தான்.

முடிவை ஏற்காத ஊர்

ஆய்வகம் சரியாகச் சொல்லியும் ஊர் கேட்காத கதையும் உண்டு. 1900 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் இறந்த ஒருவரின் நெறிக்கட்டியிலிருந்து எடுத்த மாதிரியைக் கூட்டாட்சி அரசின் மருத்துவர் ஜோசப் கின்யூன் விலங்குகளில் செலுத்தினார். அவை செத்தன, பிளேக் உறுதியாயிற்று. ஆனால் விலங்குகள் சாவதற்கு நாள்கள் ஆயின. அதற்குள் குடியிருப்பைச் சுற்றிப் போட்டிருந்த முற்றுகையை எதிர்ப்புக்கு அஞ்சி எடுத்துவிட்டார்கள். வணிகர்களுக்கும் மாநில ஆளுநர் ஹென்றி கேஜுக்கும் பிளேக் என்ற சொல்லே வேண்டாததாக இருந்தது. கின்யூன் தாமே கிருமியைப் புகுத்திவிட்டார் என்றுகூடக் குற்றஞ்சாட்டினார்கள். 1901 தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த மூன்று வல்லுநர்கள் பிளேக்தான் என்று உறுதிசெய்தார்கள். கின்யூனுக்குக் கிடைத்தது இடமாற்றம். 1904க்குள் 119 பேர் இறந்தார்கள். நகர நிர்வாகத்தின் பக்கமும் சுத்தமில்லை: முற்றுகைக் கயிறு சீனர் வீடுகளைச் சுற்றியும் வெள்ளையர் கடைகளை விலக்கியும் வளைந்து வளைந்து போயிருந்தது. சீனர்கள் ஆய்வகத்தை நம்ப மறுத்ததில் வியப்பில்லை.

ஆளைத் தேடாத பரிசோதனை

1892 ஹாம்பர்க்கில் ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் அதே எல்ப் நதியிலிருந்துதான், அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, தண்ணீர் எடுத்தது. ஆனால் மணல் வடிகட்டிகளில் மெதுவாக வடித்துக் கொடுத்தது. எல்லையில் தெருவின் ஒரு பக்கம் காலரா, மறு பக்கம் இல்லை. இதை ஆராய்ந்த கோச், வடிகட்டிய நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிக்கு மேல் வளரக் கூடாது என்ற அளவை முன்வைத்தார். காலராக் கிருமி என்று தனியாகக் கேட்கவில்லை, எந்தக் கிருமியானாலும் 100தான்.

தண்ணீரில் டைஃபாய்டு கிருமியையோ காலராக் கிருமியையோ தேடிப் பிடிப்பது கடினம், பிடிக்கும்போது காலம் கடந்திருக்கும். அதனால் 1885இல் தியோடர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் கண்ட, மனிதக் குடலில் எப்போதும் ஏராளமாக வாழும் கிருமியை அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நலமாக இருப்பவர் குடலிலும் நோயாளி குடலிலும் இருக்கும் அந்த ஈ. கோலை தண்ணீரில் இருந்தால், மலம் கலந்திருக்கிறது. மலம் கலந்தால் நாளை டைஃபாய்டு வரலாம். குடிநீர்ச் சோதனை இன்றும் இந்த வழியில்தான் நடக்கிறது.

1940 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் நகரக் கழிவுநீரில் போலியோ வைரஸைக் கண்டார்கள். குரங்குகளுக்குள் செலுத்தித்தான் அப்போது அதை உறுதிசெய்ய முடிந்தது. இன்று கழிவுநீரில் போலியோ என்று செய்தி வந்தால், ‘யாருக்கு?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு அந்த மாதிரியில் விடை கிடையாது. சாக்கடையில் ஆயிரக்கணக்கானோரின் மலம் ஒன்றாகக் கலந்திருக்கிறது, பெயர் எழுதிய படிவம் எதுவும் அதனோடு வருவதில்லை. போலியோ தொற்றியவர்களில் மிகச் சிலருக்குத்தான் பக்கவாதம் வரும், மற்றவர்கள் அறியாமலே வைரஸை வெளியேற்றுவார்கள். ஆகவே சுகாதாரத் துறை ஆளைத் தேடிப் போவதில்லை. அந்தப் பகுதிக் குழந்தைகளில் சொட்டு மருந்து விடுபட்டவர்கள் யார் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு போகிறது.